நல்ல நகையை தினமும் போடலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: மும்பை பவாயில் ஐ.டி. வேலை, வீடு செம்பூரில், கல்யாணமாகி இரண்டு வருஷம். அம்மா போட்ட முப்பது பவுனும் பாட்டியின் ஏழு கல் வைரத்தோடும் வங்கி லாக்கரில் கிடக்கின்றன, ஆபீஸுக்குப் போட்டுப் போவது கவரிங். நல்ல நகையை தினமும் போட்டால் தேயாதா, ரயிலில் பயமில்லையா, ஆபீஸில் பட்டிக்காடு மாதிரித் தெரியாதா, அப்புறம் இதற்கெல்லாம் உண்மையிலேயே ஏதாவது அர்த்தம் உண்டா, இல்லை எல்லாம் நகைக்கடை விளம்பரம்தானா?

என் பதில்: போடுங்கள். முப்பது பவுனையும் அல்ல. மூன்று நான்கு உருப்படி, கெட்டியாக, உங்களுக்குப் பிடித்ததாகப் பொறுக்கி எடுத்து அதை ராத்திரி பகல் பார்க்காமல் போடுங்கள். மிச்சத்தைச் சேமிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கு விலை உண்டு, இன்னொன்றுக்கு விலையோடு ஒரு ஆளும் உண்டு. எந்த அடிப்படையில் இதைச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வங்கிகளுக்கு நகை மதிப்பிட்டுக் கொடுப்பவன். மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் பக்கத்துக் கிளைகளில் நகைக்கடன் வாங்க வருகிறவர்களின் நகையை உரைகல்லில் உரைத்து, அமிலம் விட்டு, மாற்று (தங்கத்தின் தரம்) பார்த்து, எடை போட்டு, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்பா பட்டறை வைத்திருந்த ஆசாரி, அதனால் செய்யும் பக்கமும் கொஞ்சம் தெரியும். தட்டில் வந்து விழும் நகையைத் தொட்டவுடனே அது எந்த வகை என்று சொல்லிவிடலாம். ஒரு வகை ரோஸ் தாளில் மடித்து, கடை பெயர் போட்ட டப்பாவில், வாங்கிய அன்றைக்கு இருந்த மெருகோடு வரும். கொண்டு வருகிறவர் முகத்தில் கணக்குத்தான் இருக்கும், எவ்வளவு கிடைக்கும், வட்டி என்ன. இன்னொரு வகை நேராகக் கழுத்திலிருந்து கழற்றிய சூட்டோடு வரும். கொடியின் கண்ணிகளுக்குள் மஞ்சள் ஏறியிருக்கும், தோட்டின் அடியில் எண்ணெய் கறுத்துப் படிந்திருக்கும், வளையலின் உள்பக்கம் மட்டும் கண்ணாடியாக வழவழத்திருக்கும். அந்த நகைக்காரர் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார், என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். "ரொம்ப உரசிடாதீங்கண்ணே" என்று சொல்வார். கல்லில் உரைத்தால் போவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அதுகூடப் போகக் கூடாது என்று நினைக்கிறார், ஏனென்றால் அது அவருக்கு வெறும் தங்கம் இல்லை.

எதை முதலில் கழற்றுகிறார்கள், எதைக் கடைசியில் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். கைவளையல் முதலில் வரும். அப்புறம் கல்யாணத்தில் போட்ட நீள ஆரம், நெக்லஸ். ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, வீட்டு டெபாசிட் என்று நெருக்கடி முற்றும்போதுதான் தாலிக்கொடி வரும், அதுவும் தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிவிட்டுக் கொடியை மட்டும் தருவார்கள். தோடும் மூக்குத்தியும் எல்லாவற்றுக்கும் கடைசி. தோட்டைக் கழற்றிய காதுக்குத் தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பெண்களைத் தாராவியில் இன்றைக்கும் பார்க்கிறேன். அவர்களே மீட்க வரும் நாளில் எடைச்சீட்டை யாரும் சரிபார்ப்பதில்லை, கையெழுத்துக்கூட அப்புறம்தான், கவுண்டர் முன்னாலேயே தோட்டைக் காதில் மாட்டித் திருகாணியைத் திருகிய பிறகுதான் மூச்சு விடுகிறார்கள். எடையில் பார்த்தால் அந்தத் தோடு அரைப் பவுன்கூட இருக்காது. அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டீர்களே, நான் பார்த்த அர்த்தம் இதுதான். அது விளம்பரத்தால் வந்ததில்லை, வருஷக்கணக்காக உடம்போடு கிடந்ததால் வந்தது. லாக்கரில் வைத்த நகைக்கு அது வர வழியே இல்லை.

சரி, தேய்மானம். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், பயத்தில் பாதி தேவையில்லாதது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கியோர்க் ஸ்டைன்ஹவுசர் என்ற வேதியியலாளர் தன் கல்யாண மோதிரத்தை ஒரு வருஷம் வாராவாரம் எடை போட்டு 2008-ல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். ஐந்தரை கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள 18 கேரட் மோதிரம், வருஷம் முழுக்க தினமும் போட்டதில் குறைந்தது ஏறத்தாழ 6 மில்லிகிராம். அந்தக் கணக்கில் ஒரு கிராம் குறைய நூற்று அறுபது வருஷமாகும். மண்ணில் தோட்ட வேலை செய்த வாரத்திலும் கடற்கரை மணலில் கிடந்த வாரத்திலும் அதிகம் தேய்ந்ததாம். நம் 22 கேரட் அதைவிட மெத்தென்றது, சங்கிலியில் கண்ணியோடு கண்ணி உரசும், அதனால் நமக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே போகும். ஆனாலும் இருபது வருஷம் போட்ட சங்கிலியை நான் எடை போடும்போது பழைய பில்லோடு ஒப்பிட்டால், அந்த நகை வாங்கும்போது சேதாரம், செய்கூலி என்று கொடுத்ததற்குப் பக்கத்தில்கூட வராது.

மொத்த எடை உங்கள் கவலையாக இருக்க வேண்டாம், இடம்தான் கவலை. நகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கொக்கி மாட்டும் வளையம், அதற்கு அடுத்த இரண்டு கண்ணி, தாலியும் குண்டும் தொங்குகிற இடம், இங்கேதான் இழை இழையாக மெலிந்து ஒருநாள் அறும். சங்கிலி அறுந்து தொலைந்தது என்று சொல்கிறவர்களில் நிறையப் பேருக்கு மற்ற இடமெல்லாம் புத்தம்புதிதாகத்தான் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆசாரியிடமோ கடையிலோ அந்த இடத்தை மட்டும் காட்டினால் போதும், வளையத்தை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். பற்றவைக்கும்போது பொடி என்ன போடுகிறார் என்று கேளுங்கள். முன்னெல்லாம் கேடிஎம் என்று கேட்மியம் கலந்த பொடி போட்டார்கள், மாற்றுக் குறையாது என்பது அதன் பெருமை, ஆனால் அந்தப் புகை பட்டறையில் உட்கார்ந்திருந்தவனின் நுரையீரலைக் கெடுத்தது. கேட்மியம் இல்லாத பொடி இன்று தாராளமாகக் கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.

நம் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு, தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கை மாட்டித் தொங்கவிடுவது. புடவைக்கு, ரவிக்கைக்கு, அவசரத்துக்கு என்று. தயவுசெய்து வேண்டாம். ஊக்கு எஃகு, கொடி தங்கம், நடக்கும்போதெல்லாம் அது அறுத்துக்கொண்டே இருக்கிறது. ஊக்கு தொங்கிய இடத்தில் பாதியாக மெலிந்துபோன கொடிகள் எத்தனையோ என் தட்டுக்கு வந்திருக்கின்றன. அதே போலத் தங்க வளையலுக்கு நடுவே கண்ணாடி வளையல். பார்க்க அழகு, விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தினமும் வேண்டாம், கண்ணாடி தங்கத்தைவிடக் கெட்டி, விளிம்பை அரம் மாதிரி சீவிவிடும். வைர மோதிரத்தையும் வெறும் மோதிரத்தையும் பக்கத்துப் பக்கத்து விரலில் போட்டாலும் இதே கதைதான்.

எந்த கேரட் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. கல் இல்லாத நகை என்றால் 22, அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். வைரமோ வேறு கல்லோ பதித்து தினமும் போடுவதென்றால் 18, நூற்றுக்கு 75, ஏனென்றால் கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் வளையாமல் நிற்க அந்தக் கெட்டித்தன்மை வேண்டும். 18 என்றாலே மட்டம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்து, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று ஆனது. மக்கள் அந்த நகையை ஏற்கவே இல்லை, நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள், 1966-ல் அந்த 14 கேரட் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், ஆனால் 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷங்களைப் பற்றி யாரும் சாதாரணக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. குறைந்த கேரட் என்றால் ஏமாற்று என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு அப்படி ஆழமாகப் பதிந்துவிட்டது. இன்று ஹால்மார்க் முத்திரை 750, அதாவது ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம், என்றால் அது உண்மையிலேயே 750, யாரும் ஏமாற்றவில்லை. அடகு வைக்கும்போது அதன் மாற்றுக்குத் தகுந்தபடி கணக்கிடுவோம், அவ்வளவுதான்.

ஆனால் "டெய்லி வேர்" என்று இப்போது கடைகளில் தருகிற லேசான நகைகளில் ஒரு பகுதி உள்ளே கூடாக இருக்கும். பெரிதாகத் தெரியும், எடை குறைவு, விலையும் குறைவு. கூடான சங்கிலி நசுங்கினால் எடுக்க முடியாது, அறுந்தால் பற்றவைப்பதும் கஷ்டம். தினமும் போடுகிற பொருள் சின்னதாக இருந்தாலும் கெட்டியாக இருக்கட்டும். ஒரு பவுனில் மெல்லிய கெட்டிச் சங்கிலி, ஒரு பவுனில் தடித்த கூடான சங்கிலி இரண்டும் எதிரே இருந்தால் யோசிக்காமல் முதலாவதை எடுங்கள்.

கல் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுத் தூசியிலேயே மணல்துகள் இருக்கிறது, கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. அதற்குக் கீழே இருக்கும் எதையும் தூசி துடைப்பதே கீறிவிடும். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, இவை தினமும் போடத் தகுந்தவை. மரகதம் ஏழரை எட்டு என்று சொன்னாலும் உள்ளே வெடிப்பு இல்லாத மரகதம் அபூர்வம், எண்ணெய் ஏற்றித்தான் விற்பார்கள், மோதிரத்தில் தினமும் போட்டால் மங்கும், உடையும். முத்தும் பவழமும் இன்னும் மெத்தென்றவை, வியர்வையும் சென்ட்டும் முத்தின் மேல்தோலையே அரிக்கும். மும்பை வியர்வையில் முத்து மாலை தினசரிக்கு ஆகாது. எல்லாம் உடுத்தி முடித்த பிறகு கடைசியாகப் போட்டு, வந்ததும் முதலில் கழற்றித் துணியால் துடைத்து வைக்க வேண்டிய நகை அது.

வைரம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு எண்ணெய்ப் பிரியன். சுரங்கங்களிலேயே கிரீஸ் தடவிய மேசை மேல் கல்லும் நீரும் ஓடவிட்டு வைரம் மட்டும் ஒட்டிக்கொள்வதை வைத்துப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டில் தோடு மங்குவது அதனால்தான், கல் கெட்டுப்போனதால் அல்ல. கல் பதித்திருக்கும் கட்டடம் பின்பக்கம் திறந்ததாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்து, மெத்தென்ற பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேயுங்கள். எங்கள் பட்டறையில் காலம்காலமாக அதுதான், இன்றுவரை அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. டூத்பேஸ்ட் கூடாது, அதில் இருக்கும் தூள் தங்கத்தைக் கீறும். மூடிய கட்டடமாக, கல்லுக்கு அடியில் தாள் வைத்துச் செய்த பழைய நகை, கெம்பு நகை, அரக்கு அடைத்த நகை எதையும் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், தாள் கறுத்துவிட்டால் கல்லே செத்தது போல ஆகிவிடும்.

இன்னொன்று, இதை நான் அடிக்கடி பார்ப்பதால் சொல்கிறேன். மோதிரம் திடீரென்று திட்டுத்திட்டாக வெள்ளி போல வெளுத்துவிட்டது என்று பதறி வருவார்கள், தங்கம் போலி என்று கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டுகூட வருவார்கள். பெரும்பாலும் பாதரசம். உடைந்த தெர்மாமீட்டரைத் தொட்டிருப்பார்கள், அல்லது முகம் வெளுக்க என்று எங்கேயோ வாங்கின கிரீமைத் தடவியிருப்பார்கள். பாதரசம் தங்கத்தோடு சட்டென்று கலந்துவிடும். வீட்டில் அடுப்பில் காட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அந்த ஆவி விஷம், தெரிந்த பட்டறையில் கொடுங்கள். கிரீம்தான் காரணம் என்று பட்டால் மோதிரத்தை விடுங்கள், முதலில் கிரீமைத் தூக்கிப் போடுங்கள், தங்கத்தில் ஏறினது உங்கள் தோலிலும் ஏறியிருக்கும்.

இனி நீங்கள் நேராகக் கேட்காத ஒன்று, ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி இருந்தது, லாக்கர் மாமியார் பெயரில் இருக்கிறது என்று. உங்கள் மாமியாரை எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருக்கட்டும். பொதுவாகச் சொல்கிறேன். கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த நகை அவளுடைய சீதனம், அவளுக்கு மட்டுமே சொந்தம். 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கணவனோ அவன் வீட்டாரோ அதை வைத்திருந்தால் நம்பி ஒப்படைத்த பொருளாகத்தான் வைத்திருக்கிறார்கள், திருப்பித் தரமறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். சட்டம் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் கஷ்ட காலத்தில் என் முன்னால் வந்து நிற்கிற பெண்களிடம் இருப்பது உடம்பில் கிடந்த நகை மட்டும்தான். லாக்கரில் இருந்ததைப் பற்றிக் கேட்டால் "அது அவங்ககிட்ட இருக்கு" என்பார்கள். நம் பாட்டிமார் ஒரு குண்டுமணித் தங்கமாவது உடம்பில் கிடக்கட்டும் என்று சொன்னதில் அலங்காரம் கொஞ்சம், இந்த விவேகம் மிச்சம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட தாராவிக்கு வந்த குடும்பங்களில், முன்பு வயதான அம்மாக்கள் பாம்படம் போட்டிருப்பார்கள். தோள் வரை தொங்கும் காதில் அந்தக் கனம். பொன் தகட்டில் கூடு செய்து உள்ளே அரக்கு அடைத்தது, எடை போட்டால் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதை யாரும் கேட்காமல் எடுக்க முடியாது, அது அவளோடே இருந்தது, அவள் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அப்பா போனபோது சடங்கில் தாலியை இறக்கினார்கள், அதை யாரும் மாற்ற முடியவில்லை. தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றச் சொன்னார்கள் உறவில் மூத்த பெண்கள். அம்மா அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் தெளிவாகச் சொன்னார்: "இது அவர் போட்டதில்ல, எங்கம்மா போட்டது. இது வந்தப்புறம்தான் அவர் வந்தார்." யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தோடு இப்போதும் அவர் காதில் இருக்கிறது. ஒரு நகையை தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் அது ஒருத்தியின் சொந்தக் கணக்காக ஆகிவிடுகிறது, யார் மகள், யாரிடமிருந்து என்ன வந்தது, எதை யாருக்காகவும் விடமாட்டேன் என்பதெல்லாம் சேர்ந்த கணக்கு. விசேஷத்துக்கு விசேஷம் எடுத்துப் போட்டிருந்தால் அம்மாவுக்கு அப்படிச் சொல்ல வாய் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதனால்தான் உங்கள் பாட்டியின் ஏழு கல் தோட்டைப் பற்றி எனக்கு அக்கறை. அது லாக்கரில் இருக்கக் கூடாது. "ரொம்பப் பெரிசு, மாடர்ன் டிரெஸ்ஸுக்குச் சேராது, அழித்து வேறு செய்யலாமா" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பழைய தமிழ் வீட்டுத் தோடுகளில் இருக்கும் வைரம் பலவும் பழைய வெட்டு, கையால் பட்டை தீட்டினது. புளூ ஜாகர் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது, நீலச்சாயல் ஓடும் கல்லுக்கு அந்தப் பெயர். எல்லாப் பாட்டி தோடும் புளூ ஜாகர் இல்லை, அதை ஒரு நல்ல ஆய்வுக்கூடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் விற்கப் போனால் பழைய வெட்டு என்று சொல்லியே விலையைக் குறைப்பார்கள், அதே கல்லை மறுபடி வாங்கப் போனால் கிடைக்காது. அழிப்பது இரட்டை நஷ்டம். கனம்தான் பிரச்சினை என்றால் மாட்டல் போட்டுக் கனத்தைக் கூந்தலுக்குக் கொடுங்கள், அதற்காகத்தானே அந்த நகையைக் கண்டுபிடித்தார்கள். காது ஓட்டை இறங்கிவிடும் என்ற பயம் இருந்தால் பின்னால் சற்று அகலமான வட்டு வைத்துத் திருகாணி போடச் சொல்லலாம்.

ரயில் பயத்தை நான் சிறிதாக்கமாட்டேன். செம்பூரில் ஏறி குர்லாவில் மாறிக் காஞ்சூர்மார்க் போகிறீர்கள் என்றால் அந்த நெரிசலும், ஜன்னல் ஓரத்தில் வண்டி கிளம்பும் நேரத்தில் கழுத்துக்கு வரும் கையும் உண்மை. அதற்கு வழி, கழுத்தில் போடுவது குர்த்தா கழுத்துக்குள் அடங்கும் குட்டைச் சங்கிலியாக இருக்கட்டும், டாலர் வேண்டாம், ஜன்னல் கம்பி ஓரம் உட்காராதீர்கள். திருகாணி போட்ட தோட்டையும் மூக்குத்தியையும் இழுத்துப் பிடுங்குவது எளிதல்ல, கையிலிருக்கும் காப்பும் அப்படியே. நான் பயப்படுவது மோதிரத்துக்கு. தொங்கும் கைப்பிடியிலோ கதவுக் கம்பியிலோ மாட்டி வண்டி குலுங்கினால் விரல் சதையே உரிந்துவிடும். ரயிலில் போகும்போது மோதிரத்தைப் பைக்குள் வையுங்கள், அல்லது வழுவழுப்பான, மேலே எதுவும் துருத்தாத மோதிரமாகப் போடுங்கள்.

லாக்கர் முழுப் பாதுகாப்பு என்ற எண்ணமும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2021 விதிப்படி, தீ, திருட்டு, வங்கி ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு லாக்கரின் வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். முப்பது பவுனுக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே லாக்கரில் இருப்பதையும் உடம்பில் இருப்பதையும் சேர்த்து ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, எடை எழுதி, பில் இருந்தால் அதையும், முத்திரையில் இருக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி என்ற அடையாள எண் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். இந்த எண் 2021 ஜூலையிலிருந்துதான் வந்தது, அம்மா அதற்கு முன்னால் வாங்கினதில் இருக்காது, அதற்காகப் பயப்பட வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை, எந்த மாற்று என்று காட்டும். வருமான வரிச் சோதனை என்று யாராவது பயமுறுத்தினால், கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை நகையைச் சோதனையில் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994-லேயே வரி வாரியம் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. முப்பது பவுன் 240 கிராம்தான்.

பட்டிக்காடு மாதிரித் தெரியுமா என்பதற்கு ஒரே ஒரு பதில். உங்கள் ரயில் பெட்டியிலேயே கொஞ்சம் பாருங்கள். குட்டிக் கிண்ணம் மாதிரி இரண்டு தங்க வாட்டியும் கருகமணியும் கோத்த தாலி போட்ட மராட்டிப் பெண் பாங்கில் மேனேஜராக இருப்பார், குஜராத்திப் பெண்மணி ஒற்றைக்கல் வைரத்தை இருபது வருஷமாகக் கழற்றியிருக்கமாட்டார், மாட்டுங்கா பூக்கடைத் தெருவில் வைர மூக்குத்தியோடு ஜீன்ஸ் போட்ட நம் பெண்கள் எத்தனை பேர். நன்றாக இல்லை என்று தோன்றுவது பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும்போதுதான். ஒன்று நிற்கட்டும், மற்றவை அடங்கட்டும். ஏழு கல் தோடு போட்டால் கழுத்தில் மெல்லிய முறுக்குச் சங்கிலி போதும், கையில் ஒரு கெட்டிக் காப்பு, வேறு எதுவும் வேண்டாம். கவரிங்கை நான் குறை சொல்லமாட்டேன், சிதம்பரம் கவரிங் ஒரு நல்ல தொழில், பத்து மாடல் ஆசைக்கு அது சரியான வழி. ஆனால் உங்கள் பாட்டி போட்டது லாக்கரில் இருட்டில் கிடக்க, அதன் நகலை நீங்கள் போட்டுக்கொண்டு திரிய வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமியாரோடு போய்த் தோட்டையும், ஒரு சங்கிலியையும், காப்பையும் எடுத்து வாருங்கள். தோட்டை உடனே போடாதீர்கள், முதலில் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துத் திருகாணியின் மரையைப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய தோட்டில் அது வழுக்கிப்போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு, கல் ஏதாவது ஆடுகிறதா என்றும் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மரை புதிதாகப் போடுவது சின்ன வேலைதான். அவர் வேலை செய்யும்போது எதிரிலேயே உட்கார்ந்திருங்கள், பட்டறையில் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், முடிந்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.